தாத்தாவின் வெப்லி

அமெரிக்க ரிவால்வர் பிரியர்கள் கண்ணாடி அலமாரியில் டஜன் கணக்கில் அடுக்கிவைத்து நண்பர்களுக்குக் காட்டுவதை ஒரு கட்டுரையில் படித்தேன். இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி ஒருவருக்கு மூன்று துப்பாக்கி; 2019 திருத்தத்தில் அதையும் இரண்டாக்கிவிட்டார்கள். இதில் எங்கே சேகரிப்பது!

மன்னார்குடிப் பக்கம் பண்ணையம் பார்த்த எங்கள் தாத்தாவிடம் இருந்தது ஒரே ஒரு வெப்லி, .32 அங்குலத் தோட்டா போடும் பிரிட்டிஷ் ரிவால்வர். நடுவில் மடங்கும் ரகம். கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைச் சாய்த்தால், நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி ஆறு தோட்டாக்களையும் மொத்தமாக வெளியே தள்ளும். கட்டுரையாளர் புகழும் அமெரிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரில் தோட்டா உருளை பக்கவாட்டில் திறக்கும், தண்டை நாம்தான் அமுக்க வேண்டும். உறுதி அதில்தான் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அழகு வெப்லிதான்.

தாத்தா சுட்டு நான் பார்த்ததே இல்லை, துடைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் தோலுறைக்குள் வைத்தால் ஈரம் கோத்துத் துரு ஏறிவிடும் என்று, பழைய வேட்டித் துணியில் தையல் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து, துணியிலேயே சுற்றிப் பெட்டியில் வைப்பார். தேங்காய் எண்ணெயைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, பிசின் மாதிரி ஆகிவிடுமாம்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை கைப்பிடியில் கீறலோடு திரும்பி வந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை மனிதர். அவர் போனபின் அப்பா லைசென்ஸே வேண்டாமென்று ஒப்படைத்துவிட்டார். ரசீது மட்டும் பீரோவில், பட்டா நகல்களோடு கிடக்கிறது.