பூச்சிய வழுவும் ஹியூஸ் பதக்கமும்

2025இல் பிரித்தானியாவின் அரச வானியலாளர் பதவிக்கு வந்த முதற் பெண் மிஷெல் டொஹெர்ட்டி. பேரைச் சொன்னதும் வெள்ளவத்தையில் பெற்றோர் கேட்பது, “எந்தக் கம்பஸ், எத்தனை ஏ?” தென்னாபிரிக்காவில் அவர் படித்த பெண்கள் உயர்பள்ளியில் விஞ்ஞானப் பாடமே இருக்கவில்லை. நேட்டால் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பிறகு இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்கு வந்தவர். என் கணக்கில் அவரைத் தூக்கிவிட்டது உயர்தரச் செய்முறையில் நம் பிள்ளைகள் ஒரு வரியில் கடந்துபோகிற பூச்சிய வழுதான்: அளக்க ஒன்றுமில்லாதபோதும் கருவி காட்டுகிற பொய் வாசிப்பு.

சனிக்குப் போன காசினி விண்கலத்தில் அவர் பொறுப்பில் இருந்த கருவி, காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானி. 11 மீற்றர் நீளக் கையின் நுனியில் ஒன்று, நடுவழியில் ஒன்று. கலத்தின் வயரும் மோட்டாரும் தாமே காந்தப்புலம் உண்டாக்கும். தூரம் இரட்டித்தால் அது ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும். இரண்டு வாசிப்பையும் ஒப்பிட்டால் கலத்தின் பங்கு எவ்வளவென்று தெரியும். அப்போதும் உணரியின் சொந்தப் பூச்சியம் வெப்பநிலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிக்கக் கலத்தையே சுழற்றுவார்கள். வெளிப்புலம் வாசிப்பில் ஏறி இறங்கும், வழு அசையாமல் நிற்கும். சுழலும் அச்சின் திசையில் உள்ள வழு மட்டும் இதில் அகப்படாது. ஆகவே இன்னோர் அச்சிலும் ஒரு சுற்று.

இவ்வளவு சிரமம் ஏன்? கொழும்பில் பூமியின் புலம் சுமார் 40,000 நானோரெஸ்லா. சனியின் நிலவான என்செலடஸ் அருகே சனியின் புலம் முந்நூற்றுச் சொச்சம். 2005 பெப்ரவரியில் அதில் தெரிந்த வளைவோ சில நானோரெஸ்லாதான். அந்தச் சின்ன நிலவைவிடப் பெரிய ஏதோவொன்று வழியை மறிப்பதுபோல் புலம் வளைந்திருந்தது. இன்னும் நெருங்கிப் போகவேண்டும் என்று டொஹெர்ட்டி வாதாடினார். ஜூலை 14 அன்று 1,000 கிலோமீற்றரில் போகவிருந்த கலம் 173இல் போனது. தென்துருவத்திலிருந்து நீராவி பீறிடுவது உறுதியானது. 2008இல் பிரித்தானிய அரச கழகத்தின் ஹியூஸ் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. தன் பூச்சிய வழு எவ்வளவென்று தெரியாத ஒருவர் கேட்டிருந்தால் யார் பாதையை மாற்றியிருப்பார்கள்?

இங்கே வேணியர் இடுக்கியைத் தொடாமலே “பூச்சிய வழு இல்லை” என்று பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறார்கள். ரியூசனிலும் அதற்கு நேரமில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளை நாமே இப்படிக் கெடுக்கிறோம். பொறுமையும் வேண்டும்: காசினி 1997இல் புறப்பட்டு 2004இல்தான் சனியை அடைந்தது. அவர் காந்தமானியோடு 2023இல் கிளம்பிய ஜூஸ் கலம் வியாழனை அடைய 2031 ஆகும். “ரிசல்ட் எப்ப?” என்று கேட்கிற வீட்டுக்கு ஒத்துவராத தொழில்.

ஆர்வமுள்ள பிள்ளைக்கு மடிகணினி போதும். காசினியின் காந்தமானித் தரவு நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 2005 ஜூலை 14க்கான கோப்பை எடுத்து, முதலில் எந்த ஆள்கூற்று முறை என்று பாருங்கள்; அதைப் பார்க்காமல் வரைந்தால் கலம் திரும்பியதையே கண்டுபிடிப்பென்று நினைப்பீர்கள். பிறகு பைத்தனில் பின்னணிப் புலத்துக்கு ஒரு சீரான வளைகோடு பொருத்திக் கழியுங்கள். நிலவை நெருங்கிய சில நிமிடங்களைப் பொருத்தும்போது விட்டுவிட வேண்டும். சேர்த்துப் பொருத்தினால் தேடுகிற சமிக்ஞையும் பின்னணியோடு கழிந்துபோகும்.