காட்டுப்பன்றியைச் சுடும் அனுமதி யாருக்கு?

"தமிழ்நாட்டில் காட்டுப்பன்றி வயலுக்குள் வந்தால் இனி விவசாயியே சுட்டுக் கறியும் எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒருவர் பதிவிட்டிருப்பது தவறானது; அதை நம்பிச் செயல்படுபவர் சிறைக்குப் போக நேரிடும். 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதியே இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதற்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான் சுடுவார்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றி இப்போது, பாதுகாக்கப்படும் விலங்குகளைப் பட்டியலிடும் இரண்டாம் அட்டவணையில் உள்ளது. தற்காப்புக்காகக் கொன்றாலும்கூட அதன் உடல் அரசின் சொத்தே என்று 11ஆம் பிரிவு சொல்வதால், கறி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இழப்பீடு தாமதமாகிறது, ஓரிரவில் நிலக்கடலைப் பாத்தி முழுவதும் கிளறப்படுகிறது என்ற விவசாயிகளின் கோபம் நியாயமானதே. ஆனால் அதே பதிவு பரிந்துரைக்கும் மின்வேலியை ஏற்க முடியாது: 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன, உடனிருந்த இரண்டு குட்டிகள் மட்டுமே பிழைத்தன.