இரண்டும் ஒன்றல்ல
நடிகை குஷ்புவின் 2005 பேச்சையும் நடிகை கஸ்தூரியின் 2024 பேச்சையும் உங்கள் இதழில் வந்த கட்டுரை ஒரே தட்டில் வைத்தது சரியில்லை. குஷ்பு சொன்னது திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய கருத்து, அதற்கு ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள், 2010இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கஸ்தூரியோ தெலுங்கர்கள் அந்தப்புரச் சேவைக்கு வந்தவர்கள் என்றார். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனஹள்ளிக்காரன், வீட்டில் தெலுங்கு, பள்ளியில் படித்தது தமிழ், சந்தைக்குப் போனால் கன்னடமும் சேர்ந்துகொள்ளும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அம்மா "நம்மளையா சொல்றாங்க?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. சிலரைத்தான் சொன்னேன் என்று கஸ்தூரி விளக்கம் தந்தார், வருத்தமும் தெரிவித்தார், கைதாகி ஜாமீனில் வந்தார், சரி. அப்புறம், கண்டிக்கிறேன் என்று அவரை ஆபாசமாகத் திட்டுகிறவர்கள் எங்களுக்காகப் பேச வேண்டாம்.