பிரச்சினை காபி இல்லை

எங்கள் கம்பெனிக் கூட்டத்தில் ஊழியர் கருத்துக்கணிப்பு முடிவு என்று காட்டினார்களே, அந்த ஸ்லைடைப் பற்றி எழுதக் கூடாது என்று மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று எங்கள் எச்.ஆர். அதை லிங்க்ட்இன்னிலும் ஏற்றிவிட்டார்கள். கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். இங்கே என் நட்பு வட்டத்தில் இருக்கும் இரண்டு பேரே அங்கே போய் "அருமையான பணிச்சூழல், வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். நல்லது. அப்படியானால் நானும் எழுதலாம்.

இடப்பக்கம் 'ஊழியர்களுக்குப் பிடித்தவை', எட்டு வரி. வலப்பக்கம் 'பிடிக்காதவை', இரண்டே வரி: மூன்றாம் மாடி காபி, வண்டி நிறுத்த இடம். "குறை சொல்ல இவ்வளவுதான் கிடைத்தது என்றால் நாம் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறோம்" என்று மேடையில் இருந்தவர் சொன்னதும் மொத்த ஹாலும் சிரித்தது. பழக்கதோஷத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தக் கருத்துக்கணிப்புப் படிவத்தில் 'பிடிக்காதவை' கட்டத்தில் நான் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தேன். என் டீமில் இன்னும் நான்கு பேர் எழுதினார்கள். என்ன எழுதினார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்ததே நான்தான். நாலு பேரில் இரண்டு பேர் காபியே குடிப்பதில்லை.

பிரச்சினை காபி இல்லை.

உடனே "உப்பிட்டவரை" என்று ஆரம்பிக்காதீர்கள். பிடித்ததை நானும் சொல்கிறேன், அந்த எட்டு வரியைவிட நன்றாகவே சொல்வேன். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் இந்த கம்பெனியில் 2015-ல் சேர்ந்தபோது நான் பதிமூன்றாவது ஆள். கோவை காந்திபுரத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே மாடி. பி.காம். முடித்த கையோடு 8,500 ரூபாய் சம்பளம். பெரிய கம்பெனியில் சேர்ந்த என் தோழி மூன்று வருடம் ஒரே ஸ்கிரீனில் ஒரே பட்டனை அமுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த மூன்று வருடத்தில் டெமோ காட்டினேன், மென்பொருளை நிறுவினேன், பாக்கி செக்கை வாங்கி வந்தேன், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சி பஸ்ஸில் போனேன். தப்பு செய்தால் நடுவில் மேனேஜர் கிடையாது. கடைக்காரரே போனில் வண்டை வண்டையாகக் கேட்பார். சரியாகச் செய்தாலும் அவரே கூப்பிட்டு, "அம்மிணி, பில்லு ஜம்முனு வருதுங்க" என்பார். செய்த வேலை யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் சின்ன கம்பெனியா பெரிய கம்பெனியா என்று கேட்கும் தம்பி தங்கைகளிடம், வளர்கிற இடத்தில் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2017 ஜூன் 30 ராத்திரி. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நள்ளிரவில் ஜிஎஸ்டியைத் தொடங்கி வைக்கிறார்கள், எங்கள் மாடியில் ஒரு பழைய டிவியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. போன் நிற்கவில்லை. துணிக்கு 5 சதவீதம் என்பதையே நம்ப மாட்டேன் என்ற ஜவுளிக்கடைக்காரர்கள், 33-ல் தொடங்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை பில்லில் எங்கே போடுவது என்று கேட்டவர்கள். முதலாளியும் (அப்போது எங்கள் எல்லாருக்கும் அண்ணா) எங்களோடு உட்கார்ந்து போன் எடுத்தார். அதிகாலை நாலு மணிக்கு அவருடைய அம்மா இரண்டு தூக்குப்போசியில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டு வந்தார். "சாப்பிட்டுட்டுப் பேசுங்க கண்ணு, வரி எங்கயும் ஓடிப் போயிராது" என்றார்.

கம்பெனி வளர்ந்தது அந்த ராத்திரியில்தான் என்பது என் கட்சி. அப்புறம் 2018 ஏப்ரலில், சரக்கு வண்டியில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய இ-வே பில் வந்தது. 2020 அக்டோபரில் வருடத்துக்கு 500 கோடிக்கு மேல் விற்பவர்களுக்கு, பில்லை அரசு தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ், அந்த வரம்பு இறங்கி இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. அரசாங்கம் வரம்பைக் குறைக்கக் குறைக்க எங்களுக்குப் புதுப்புது வாடிக்கையாளர்கள். பதிமூன்று பேர் நூற்று அறுபது பேரானோம். பாத்திரக்கடை மாடி அவிநாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஆயிற்று. 'அண்ணா', 'சார்' ஆனார்.

இப்போது 2025-க்கு வாருங்கள். செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு, 22 முதல் அமல். ஆயிரம் ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு 5, அதற்கு மேல் 12 என்று இருந்தது, 2,500 வரை 5, மேலே 18 என்று மாறியது. தீபாவளிச் சரக்கு இறங்கி, விலைச் சீட்டு ஒட்டி முடித்த நேரம். ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தலை சுற்றியது. எங்கள் சப்போர்ட் டீமில் பதினொரு பேர். 2017-ல் மொத்த கம்பெனியே பதிமூன்று பேர்தான், சரி, ஆனால் அன்றைக்கு இருந்த கடைகளைவிட இன்றைக்குப் பல மடங்கு கடைகள். இரண்டு ஞாயிறு போயிற்று. 21-ஆம் தேதி ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம்.

நள்ளிரவில் நூற்று அறுபது பேர் குழுவில் ஒரு செய்தி வந்தது. சூப்பர் டீம்வொர்க், பக்கத்தில் ராக்கெட் பொம்மை. சாப்பாட்டுக்கு விதிமுறை இருக்கிறது: பத்து மணிக்கு மேல் இருந்தால் 200 ரூபாய், பில்லை போர்ட்டலில் ஏற்ற வேண்டும். இரண்டு மணிக்குத் தள்ளுவண்டியில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். தள்ளுவண்டிக்காரர் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்ததை ஏற்றினேன். மறுவாரம் திரும்பி வந்தது, பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லையாம். பில்லிங் மென்பொருள் செய்கிற கம்பெனி ஐயா இது. தள்ளுவண்டிக்காரருக்கு அந்த எண்ணே தேவையில்லை என்பது இந்தக் கட்டடத்தில் எங்கள் டீமுக்கு மட்டும்தான் தெரியும் போல.

"200 ரூபாய்க்கா இவ்வளவு?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த வரி மாற்றத்தைக் கையாண்டதற்கு டிசம்பரில் ஒரு விருது கொடுத்தார்கள். வாங்கியவர் ஆகஸ்டில் சேர்ந்தவர். நல்ல மனிதர்தான், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்து, "இ-வே பில் ரத்தானால் என்ன செய்வது என்று ஒரு டாக்குமெண்ட் போட்டுக் கொடுங்களேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

நான் அந்தப் பக்கத்தில் எழுதியது இதைத்தான். சம்பளம் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் வேலையில் எது மாறினாலும் மூன்றாவது ஆள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிகிறது என்று எழுதினேன். 2019-ல் பிரசவ விடுப்பு 26 வாரம் முடிந்து திரும்பியபோது என் டீமுக்கு வேறு தலைவர் வந்திருந்தார், அதை எனக்குச் சொன்னது வாசலில் இருந்த செக்யூரிட்டி அண்ணா என்று எழுதினேன். 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017 சட்டத் திருத்தம் சொன்னது, தாய் நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம். நாங்கள் அப்போதே 58 பேர். ஓர் அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், யானை ஒட்டினார்கள். இன்றைக்கு அது மீட்டிங் ரூம். யானை இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் டார்கெட் பேசுகிறோம்.

இதெல்லாம் சுருங்கிச் சுருங்கி 'காபி' ஆகிவிட்டது.

"பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதானே" என்று சொல்லும் அறிவாளிகளுக்கு: இந்த மென்பொருளில் பாதித் திரைகளுக்குப் பெயர் வைத்தவள் நான். நான் ஏன் போக வேண்டும்? முதலாளி ரிஸ்க் எடுத்தார் என்பீர்கள். உண்மை, வீட்டை அடமானம் வைத்தார், மறுக்கவில்லை. நூற்று அறுபது பேர் ஆனால் விதிமுறை இல்லாமல் எப்படி ஓடும் என்பீர்கள். ஓடாதுதான், எனக்கும் தெரியும். ஆனால் விதிமுறை வைப்பவருக்கு மாடி ஏறி வந்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வலிக்குமா? உள்விஷயத்தை வெளியே கொண்டுவரலாமா என்று யாராவது ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்பார். தம்பி, லிங்க்ட்இன்னுக்குக் கொண்டுபோனது நானா?

இன்னொன்று. 2021 செப்டம்பரில், சென்னையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது, பங்கு வைத்திருந்த 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்ததே, அதை எங்கள் குழுவில் பகிர்ந்தது சார்தான். "நமக்கும் ஒரு நாள்" என்று எழுதினார். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் எழுதினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. பங்கெல்லாம் வேண்டாம், நான் போனால் வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று கிராஜுவிட்டி வரும், அது போதும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மகளின் இரண்டு வருடப் பள்ளிக் கட்டணம்.

சரி, எங்கேயோ போய்விட்டேன்.

போன வருடம் சாருடைய அம்மா தவறிவிட்டார். மெயிலில்தான் தெரிந்தது. இரங்கல் தெரிவிக்க விரும்புவோர் இணைத்துள்ள படிவத்தை நிரப்பலாம், தலைமைக் குழு நேரில் செல்லும் என்று இருந்தது. நான் படிவத்தை நிரப்பவில்லை, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். பழைய பதிமூன்று பேரில் ஆறு பேர் வந்திருந்தோம். கம்பெனியை விட்டுப் போனவர்கள்கூட வந்தார்கள். சார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எங்கம்மிணி வேலை பாக்கறே?" என்று கேட்டார்.

மூன்றாவது மாடியில் என்று சொன்னேன்.

நாளைக்குக் காலை எட்டரைக்கு ஷிஃப்ட். கமெண்ட் போடுபவர்கள் போட்டு வையுங்கள், ராத்திரிதான் பதில் சொல்ல முடியும். காபி ஜோக் மட்டும் வேண்டாம், பிளாக் செய்துவிடுவேன்.