ஆன்லைனில் சாக்ஸபோன் கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் நான் வாசித்த ஒரு நிமிடக் காணொளியைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "அக்கா, வீட்டிலிருந்தே ஆன்லைனில் கற்றுக்கொள்ள முடியுமா?" முடியும். ஆனால் அது மட்டும் போதாது என்பது என் பதினான்கு மாத அனுபவம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் வீரவநல்லூர். இங்கே சாக்ஸபோன் சொல்லித்தர எனக்கு யாரும் கிடைக்கவில்லை. திருநெல்வேலி வரை போய்வர வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இடம் கொடுக்கவில்லை. செகண்ட் ஹேண்டில் ஒரு ஆல்டோ (நடுத்தர அளவு சாக்ஸபோன்) வாங்கி, முதலில் பதிவு செய்த பாடங்கள் உள்ள ஒரு வகுப்புக்குப் பணம் கட்டினேன். நான்கு மாதம் வீண். நான் எவ்வளவு தப்பாக ஊதினாலும் அடுத்த பாடம் தானாகத் திறந்தது. அப்புறம்தான் மங்களூரிலிருந்து நேரலையில் வகுப்பு எடுக்கும் ஒரு ஆசிரியர் கிடைத்தார். வாரம் இரண்டு நாள், ராத்திரி எட்டரை மணிக்கு.

அவர் முதல் இரண்டு வாரம் வாத்தியத்தை மாட்டவே விடவில்லை. வாயில் வைக்கும் மவுத்பீஸை மட்டும் ஊதச் சொன்னார். ஆல்டோ மவுத்பீஸ் தனியாக ஊதும்போது 880 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்க வேண்டும். ட்யூனர் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அதைவிட மேலே ஏறினால் ரீடை, அதாவது மவுத்பீஸில் அதிரும் மெல்லிய நாணல் பட்டையை, கடிக்கிறோம், கீழே இறங்கினால் உதடு தளர்ந்துவிட்டது. என் வாய்க்குள் எட்டிப் பார்க்க முடியாத ஒருவர், அந்த ஓர் எண்ணை வைத்தே என் உதட்டைத் திருத்தினார். இப்படிச் சொல்லித்தருபவரைத் தேடிப் பிடியுங்கள்.

இரண்டு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு அழுகை மிச்சமாகியிருக்கும். ஒரே சுரத்தை நீட்டி ஊதினால் வீடியோ அழைப்புச் செயலி அதை ஃபேன் சத்தம் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். செட்டிங்கில் இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவிடுங்கள். அடுத்தது, ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள். ஒலி போய்வர ஆகும் அந்தத் துளி நேரத்தில் தாளம் கலைந்துவிடும். அவர் ஒரு வரி, நீங்கள் ஒரு வரி, அவ்வளவுதான்.

சரி, போதாதது எது? காற்று. என் ஊதல் அவருக்குக் கைபேசி மைக்கின் அளவில்தான் போய்ச் சேர்கிறது. அந்த ஒலி அறையை நிறைக்கிறதா, மூச்சு அடிவயிற்றிலிருந்து வருகிறதா, தொண்டையில் நெரிபடுகிறதா, இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கே தெரியும்.

அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று ஞாயிறு காலையில் கன்னடியன் கால்வாய்க் கரைக்குப் போய் ஊதுவேன். அங்கே குளிக்க வரும் பெரியவர் ஒருவர், ஐம்பது வருஷமாகக் கோயிலிலும் கல்யாணங்களிலும் நாகஸ்வரம் வாசித்தவர், மூன்று வாரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் பக்கத்தில் வந்தார். "ரெண்டரைக் கட்டைல்லா தாயி இது?" சுருதியைத்தான் சொன்னார். ஆமாம், ஆல்டோவில் 'ஸி' என்ற சுரத்துக்கு விரல் வைத்தால் வருவது இரண்டரைக் கட்டைதான். சாக்ஸபோனை அவர் கையில் தொட்டதே இல்லை. அடுத்து, "சத்தத்தத் தள்ளாத தாயி. காத்த விடு" என்றார். என் விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொள்ளச் சொல்லி, அது விரியும்வரை ஊதவிடவில்லை. பல மாதமாக நடுங்கிக்கொண்டிருந்த என் கீழ் சுரங்கள் இரண்டே ஞாயிறில் ஆடாமல் நின்றன.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற இந்த வாத்தியம் பித்தளையில் செய்தது, ஆனால் பாடுவது நாணல் ரீடால். நாகஸ்வரத்தில் அந்த ரீடின் வேலையைச் செய்வது சீவாளி. இரண்டுமே கீழே போகப் போக விரியும் குழல்கள். சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தும் நாகஸ்வரக்காரரின் மகன்தான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுவிட்டு அதன் பக்கம் வந்தவர். நாகஸ்வரத்தில் துளையைப் பாதி மூடிக் கமகம், அதாவது சுரத்தின் வளைவு, கொண்டுவருவார்கள். சாக்ஸபோனில் சாவிகள் குறுக்கே நிற்பதால் உதடும் மூச்சும் அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்ய வேண்டும். அந்த வளைவு எப்படி இருக்க வேண்டும் என்று காதில் வைத்திருப்பவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். காருகுறிச்சி எங்களுக்கு அடுத்த ரயில் நிலையம். அந்த ஊர் நாகஸ்வர மேதை அருணாசலம் 1964இல் மறைந்தார், இன்னும் அவர் வாசிப்பைப் பேசாத பெரியவர்கள் இந்தப் பக்கம் இல்லை.

என் ஆதங்கம் இதுதான். ஊர் தெரியாத ஆசிரியருக்கு மாதம் பிறந்தவுடன் பணம் அனுப்புகிறோம். நம் தெருவில் இருக்கும் வித்வானிடம் கேட்டால் வேட்டி துண்டு போதும் என்று நினைக்கிறோம். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் அந்த வீடுகளில் வருமானம் என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் ஊரிலும் நாகஸ்வரமோ, கிளாரினெட்டோ, சர்ச் பேண்டில் டிரம்பெட்டோ வாசித்த ஒருவர் இருப்பார். வாரம் ஒரு மணி நேரம் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஆன்லைன் வகுப்புக்கு என்ன கட்டுகிறீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள்.

நான் கொடுத்தபோது தாத்தா முதலில் வாங்க மறுத்தார். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, "இது ஃபீஸ் தாத்தா, அங்கேயும் இதுதான் கட்டுகிறேன்" என்றேன். எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். தை பிறந்தால் கல்யாணங்களுக்குப் போய்விடுவார் என்பதால் எங்கள் வகுப்பு இனி செவ்வாய்க்கிழமை.