55 இன்ச் டிவிக்கு 15 அடி தூரம் தேவையில்லை

"55 இன்ச் டிவியை 15 அடிக்குள் உட்கார்ந்து பார்த்தால் கதிர்வீச்சில் பார்வை போய்விடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சில கலர் டிவிகளில் எக்ஸ் கதிர் அளவு மீறிக் கசிந்தது உண்மைதான். அதற்குக் காரணமான உயர் மின்னழுத்தக் குழாய்கள் இன்றைய எல்இடி, ஓஎல்இடி டிவிகளில் கிடையாது. கிட்டத்தில் பார்ப்பதால் கண் கெடாது, களைப்புதான் வரும். அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். குழந்தை எப்போதும் திரையை ஒட்டியே உட்கார்ந்தால் கிட்டப்பார்வை இருக்கிறதா என்று பரிசோதியுங்கள்.

15 அடியில் 4கேக்கும் அதைவிடத் தெளிவு குறைந்த ஃபுல் எச்டிக்கும் வித்தியாசமே தெரியாது; 4கேக்காகக் கொடுத்த பணம் வீண். ஆறு முதல் ஏழரை அடி போதும். திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் இருக்கட்டும். கண் கூசினால் டிவியின் பட அமைப்பில் பளிச்சென்ற விவிட் மோடை சினிமா மோடுக்கு மாற்றி, டிவிக்குப் பின்னால் மங்கலான விளக்கு ஒன்று போடுங்கள்.