தீவுல கால் வைக்காமலே பறவைய பாக்கலாம்

ராயபுரம் பசங்க குரூப்ல ரெண்டு நாளா ஒரே பேச்சு, லட்சத்தீவு போலாம், மன்னார் வளைகுடா தீவுக்கு போலாம், அங்க சில தீவுல எறங்க ஏன் விட மாட்றாங்க, நம்ம நாட்டு தீவுதானேன்னு. அங்கயே டைப் பண்ணா பெருசா போகும்னுதான் இங்க எழுதுறேன். பறவைங்களுக்காக எறங்க விடாதது சரிதான், இன்னும் கண்டிப்பா இருக்கணும்னு கூட சொல்லுவேன்.

லட்சத்தீவுல பிட்டின்னு ஒரு மணல் திட்டு இருக்கு, மூணு ஏக்கர் தேறும் அவ்ளோதான், மரம் கிடையாது, நல்ல தண்ணி கிடையாது, ஆனா கருப்பு முதுகு ஆலாங்கிற கடல் பறவையெல்லாம் முட்ட போட அங்கதான் வருது. இந்த ஆலாவோட எறகுல தண்ணி சீக்கிரம் ஊறிடும், அதனால வாத்து மாதிரி கடல்ல உக்காந்து ரெஸ்ட் எடுக்க முடியாது. குஞ்சு வளந்து பறந்துச்சுன்னா வருஷக்கணக்கா வானத்துலயேதான் கெடக்கும், அப்புறம் முட்ட போடுற வயசுலதான் தரைக்கே வருது. அப்டி வர்ற எடத்துல நாம சப்பாத்து காலோட போய் நின்னு செல்ஃபி எடுக்கணுமா? ஆர்எஸ்ஆர்எம் ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்குள்ள ஊரே கேமராவோட போனா நாம சும்மா இருப்போமா சொல்லுங்க.

நாம ஒண்ணும் பண்ணலயே, தூரமா நின்னுதானே பாக்குறோம்னு ஒருத்தர் கேட்டாரு. பழவேற்காடு பக்கம் மணல்ல ஒரு மீனவ அண்ணன் என்ன நிறுத்தி "தம்பி, கீழ பாரு"ன்னு காட்டுனாரு, ஒரு சாண் தள்ளி சின்ன ஆலாவோட முட்ட ரெண்டு, கூடு இல்ல குச்சி இல்ல, மணல லேசா பள்ளம் பண்ணி வெச்சிருக்கு, மணல் கலர்ல கரும்புள்ளி, அவர் சொல்லலன்னா கண்ணுக்கே தெரியாது. தாய் தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துது. "வா போலாம், நாம நிக்கிற வரைக்கும் அது உக்காராது, வெயில்ல முட்ட வெந்துடும்"னாரு. வெயில் ஏறுனா அது வயித்த தண்ணில நனச்சுட்டு வந்து முட்ட மேல உக்காந்து சூடு தணிக்கும், நாம அங்க நின்னா அதுவும் நடக்காது, அந்த கேப்ல காக்கா வந்து தூக்கிட்டு போயிடும். அத்தன பறவையும் ஒண்ணா எழும்புற மாதிரி ட்ரோன் ஷாட் போட்டு டூர் விளம்பரம் பண்றாங்களே, அத பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது, அது அழகா பறக்கல, பயந்து ஓடுது.

இங்கிலாந்துல ஃபார்ன் தீவுகள்னு இருக்கு, எத்தனையோ வருஷமா ஜனங்க கடல் பறவைய போய் பாக்குற எடம். 2022-ல பறவைக் காய்ச்சல் வந்து பறவைங்க கொத்து கொத்தா செத்ததும் எறங்குறத நிறுத்திட்டாங்க, 2023 முழுக்க படகுலயே சுத்தி காட்டுனாங்க, 2024-லதான் திரும்ப தொறந்தாங்க. பொழப்பும் முழுசா போகல, பறவைக்கும் தொல்ல இல்ல. நம்மளால முடியாதா?

மன்னார் வளைகுடாவுல 21 தீவு, 1986-லயே தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, அதுல ரெண்டு இப்ப கடலுக்குள்ள முழுகியே போச்சு. பாம்பன் பக்கம் குந்துகால்ல இருந்து குருசடை தீவுக்கு வனத்துறையே படகு விடுது, அதுல போங்க, அது போதும். மத்த தீவையும் தொறக்கணும்னு பெட்டிஷன் போடாதீங்க. கேக்கணும்னா வேற கேளுங்க, படகு ஓட்டுறதும் பறவைய காட்டுறதும் அந்தந்த ஊரு மீனவ பசங்களுக்கே குடுங்கன்னு கேளுங்க. ஆலா கூட்டமா கீழ பாயுதுன்னா அடியில நெத்திலியோ கவலை மீனோ ஓடுதுன்னு காசிமேட்டுல சின்ன பசங்களுக்கு கூட தெரியும், அவங்கள விட நல்லா யார் சொல்லிக் குடுத்துட போறா.

2023 டிசம்பர்ல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கசிஞ்சப்ப கூழைக்கடா எறகெல்லாம் ஆயில் ஒட்டி பறக்க முடியாம நின்னத நாமதானே பாத்தோம், அந்த வலி தெரிஞ்ச ஊர்க்காரங்க நாம.

பாம்பன் போறதா இருந்தா நானும் வரேன், பைனாகுலர் எங்கிட்ட ஒண்ணு இருக்கு, மாத்தி மாத்தி பாத்துக்கலாம். ட்ரோன் எடுத்துட்டு வர்றவங்க மட்டும் இப்பவே சொல்லிடுங்க, அந்த வண்டில நான் ஏற மாட்டேன்.